கட்டம் போடும் முன் கேட்டவை

சித்திரக்கதை வரைவதைப் பற்றிக் கொங்குப் பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பன்னெண்டாவது முடிச்சிருக்கேனுங்க. முகம் வரைஞ்சா அச்சு அசலா இருக்குதுன்னு எல்லாரும் சொல்றாங்க. காமிக்ஸ் வரையுற வேலைக்குப் போகோணும்னா யாருகிட்ட என்னத்தைக் காட்டோணும்?
– வாசகர், பெருந்துறை

முகம் நன்றாக வருவது நல்ல தொடக்கம். ஆனால் பதிப்பாளர் முகத்தைப் பார்த்து வேலை தருவதில்லை. ஒரே ஆள் ஆறு கட்டத்திலும் அதே ஆளாக இருக்கிறானா, அவன் எந்தப் பக்கமிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறான் என்பது வசனத்தை மறைத்தாலும் புரிகிறதா என்றுதான் பார்ப்பார். அதனால் தனிப் படங்களை ஒதுக்கிவையுங்கள். இரண்டு குட்டிக் கதைகளை எடுத்து, தொடர்ச்சியாக 6 முதல் 8 பக்கம் வரைந்து காட்டுங்கள். ஒன்றில் சண்டையோ ஓட்டமோ இருக்கட்டும். மற்றதில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசுவது மட்டும் போதும். பேச்சுக் காட்சியை அலுக்காமல் வரைவதுதான் கடினம், அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். 10 எம்.பி.க்குள் ஒரே பி.டி.எஃப். ஆக அனுப்புங்கள்.

இந்தத் தொழில் ஒரே வேலை அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்க மாத இதழ் ஒன்றுக்கு 20 முதல் 22 பக்கம் வேண்டும். ஒருவரால் முடியாது என்பதால் பென்சில், மை, வண்ணம், எழுத்து எனப் பிரித்துக்கொள்கிறார்கள். வண்ணக்காரருக்கு முன்னால் அடிவண்ணம் நிரப்பிக் கொடுப்பவர் ஒருவர் உண்டு, அவருக்குப் பெயர் ஃபிளாட்டர். பிரெஞ்சு, பெல்ஜிய ஆல்பம் 46, 48 பக்கம் வரும். அதைப் பெரும்பாலும் ஒரே ஓவியர் ஓராண்டு வாக்கில் முடிக்கிறார். தமிழில் சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸும் 1984 முதல் லயன் காமிக்ஸும் வருகின்றன. அவை அதிகமும் மொழிபெயர்ப்புக் கதைகள். ஆக, சொந்தமாகக் கதை வரைபவருக்கு உள்ளூரில் வாசல் குறுகியது. வீட்டிலிருந்தே வெளியூர் நிறுவனங்களுக்கு ஃபிளாட்டர் வேலை, வண்ண வேலை செய்துகொண்டு சொந்தக் கதையை வளர்ப்பதுதான் இன்றைக்கு நடைமுறைக்கு ஒத்த வழி என்பது எங்கள் கருத்து.

பனியன் கம்பெனியில டிசைன் செக்‌ஷன்ல இருக்கேன். 8 ஜி.பி. ராம் இருக்கிற லேப்டாப் கையில இருக்குதுங்க. திரை வெச்ச டேப்லெட் வாங்கியே ஆகோணுமுங்களா?
– வாசகர், திருப்பூர்

தேவையில்லை. திரையில்லாத சிறிய பேனா டேப்லெட் போதும். கண் திரையிலும் கை மேசையிலும் இருப்பது பழக இரண்டு மூன்று வாரம் ஆகும். பழகிவிட்டால் கழுத்தைக் குனிய வேண்டியதில்லை என்பதே பெரிய லாபம். வாங்கியதும் டிரைவர் அமைப்பில் டேப்லெட்டின் நீள அகல விகிதத்தைத் திரையின் விகிதத்தோடு பொருத்துங்கள். இதை விட்டால் வட்டம் போட்டால் முட்டை வடிவில் வரும், கை சரியில்லை என்று வீணாக வருத்தப்படுவீர்கள். பேனா முனை ஒரு பக்கம் மழுங்கிக் கத்திபோல ஆனதும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பரப்பில் கீறல் விழும்.

ராம் பற்றிக் கணக்கே போட்டுவிடலாம். 17 × 24 செ.மீ. புத்தகம், சுற்றிலும் 3 மி.மீ. வெட்டு ஓரம் சேர்த்தால் 17.6 × 24.6 செ.மீ. இதை 600 டி.பி.ஐ.யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) திறந்தால் 4157 × 5811 பிக்சல். முழு வண்ண லேயர் (ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் படத் தாள்) ஒன்றுக்கு ஏறத்தாழ 97 எம்.பி. நினைவகம் போகும். அப்படி 20 லேயர் என்றால் 2 ஜி.பி.யைத் தொடும், அதற்கு மேல், செய்ததைத் திரும்ப எடுக்க உதவும் அன்டூ வரலாறு வேறு. அதே லேயரை வெறும் கறுப்பு வெள்ளையாக, 1 பிட் வகையில் வைத்தால் 3 எம்.பி.தான். 300 டி.பி.ஐ. வண்ண லேயர் 24 எம்.பி. எனவே கோட்டை 600இல் 1 பிட் லேயராகவும், வண்ணத்தைத் தனிக் கோப்பில் 300இலும் வேலை செய்தால் உங்கள் லேப்டாப்பே போதும்.

மென்பொருளில் கிரிட்டா இலவசம், அச்சுக்கான சி.எம்.ஒய்.கே. (சயான், மஜெந்தா, மஞ்சள், கறுப்பு) வண்ணமுறையும் அதில் உண்டு. கிளிப் ஸ்டுடியோ பெயின்ட் காசுக்குரியது. அதில் ப்ரோ பதிப்பு ஒற்றைப் பக்க வேலைக்கு, ஈஎக்ஸ் பதிப்பு பல பக்கங்களை ஒரே புத்தகமாக வைத்து வேலை செய்ய. முதல் 20 பக்கம் கிரிட்டாவில் வரையுங்கள், பிறகு காசு கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒரு பக்கத்தைக் கம்ப்யூட்டர்ல முதல்லயிருந்து கடைசி வரைக்கும் எந்த வரிசையில செய்யணும்? நான் செஞ்சா கடைசியில வசனத்துக்கு இடமே இருக்கறதில்ல.
– வாசகி, சேலம்

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. வசனம் கடைசியில் வருவதுதான் கோளாறு. அதை இரண்டாவது வேலையாக வையுங்கள்.

முதலில் பக்க அளவை முடிவு செய்து, வெட்டுக் கோடு, அதற்கு வெளியே 3 மி.மீ., உள்ளே 10 மி.மீ. பாதுகாப்புக் கோடு ஆகியவற்றை வரைந்து, அதையே வார்ப்பாக எல்லாப் பக்கத்துக்கும் பயன்படுத்துங்கள். முதுகு ஒட்டிய புத்தகமானால் உட்பக்க ஓரம் 15 மி.மீ. விடுங்கள், இல்லாவிட்டால் ஒரு கண்ணும் பாதி வசனமும் முதுகு மடிப்புக்குள் போய்விடும். பிறகு தீப்பெட்டியைவிடப் பெரிதாக, 6 × 9 செ.மீ. அளவில் மாதிரிக் கட்டங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று மாதிரியாவது போட்டுப் பாருங்கள். இங்கே பத்து நிமிடம் செலவழித்தால் மை போடும்போது பத்து மணி நேரம் மிச்சம்.

அந்த மாதிரியைப் பெரிதாக்கியவுடன், பென்சிலுக்கு முன்பே, வசனத்தைத் தட்டச்சு செய்து உண்மையான எழுத்தளவில் வையுங்கள். முதலில் பேசுபவர் இடப்பக்கம் நிற்கட்டும். வசனங்கள் எல்லாம் கட்டத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கில் அடங்கவில்லை என்றால் வசனத்தைக் குறையுங்கள், அல்லது கட்டத்தை இரண்டாக்குங்கள். படத்தை நசுக்க வேண்டாம். ஒரு குமிழுக்கு 12 முதல் 15 சொல், நான்கு வரி என்பது தமிழுக்கு நல்ல வரம்பு. ஆங்கிலக் கதைகளின் கணக்கு இங்கே செல்லாது, ‘வந்துகொண்டிருந்தார்களாம்’ என்ற ஒற்றைச் சொல்லே ஒரு வரியை விழுங்கிவிடும். இன்னொன்று: தமிழில் வினை கடைசியில் வரும். ஒரு வாக்கியத்தை இரண்டு குமிழாக உடைத்தால் முதல் குமிழில் வினை இருக்காது. படிப்பவர் அந்தரத்தில் காத்திருப்பார். திகில் காட்சிக்கு இது வரப்பிரசாதம், சாதாரணப் பேச்சுக்குத் தொந்தரவு.

அடுத்து நீல நிற லேயரில் பென்சில். அதற்கு மேல் புதிய லேயரில் மை. கோட்டின் தடிமனைத் திரையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பெரிதாக்கிப் பார்க்கும்போது எல்லாக் கோடும் தடிமனாகத்தான் தெரியும். 600 டி.பி.ஐ.யில் ஒரு மி.மீ. என்பது ஏறக்குறைய 24 பிக்சல். தூரத்து வீடு, மலை போன்றவற்றுக்கு 0.2 மி.மீ., அதாவது 5 பிக்சல். இதற்குக் கீழே போனால் மலிவுத் தாளில் கோடு உடையும். கட்டத்தின் எல்லைக்கு 12 பிக்சல். முன்னால் நிற்பவரின் வெளிக்கோடு 14 முதல் 19 பிக்சல். கட்டங்களுக்கு நடுவே பக்கவாட்டில் 3 மி.மீ., வரிசைகளுக்கு நடுவே 5 மி.மீ. இடைவெளி விட்டால் கண் தானாக வரிசையோடு போகும். இரண்டும் ஒரே அளவானால் சிலர் மேலிருந்து கீழே படித்துவிடுவார்கள்.

பிறகு அடிவண்ணம். மைக் கோட்டு லேயரை ஆதாரமாகக் காட்டி, மென்விளிம்பை அணைத்துவிட்டு, நிரப்பும் கருவியில் பரப்பை 2 அல்லது 3 பிக்சல் விரிவாக்கும் அமைப்பை வைத்து நிரப்புங்கள். விரிவாக்காமல் விட்டால் கோட்டுக்கும் வண்ணத்துக்கும் நடுவே வெள்ளை முடிபோல ஒரு கீற்று தெரியும். இந்த அடிவண்ண லேயரில் நிழல், ஒளி எதையும் போடாதீர்கள். ‘சட்டையை மட்டும் தேர்ந்தெடு’ என்று கேட்க அது அப்படியே இருக்க வேண்டும். நிழலை அதற்கு மேல், அடியிலுள்ள நிறத்தை இருளச் செய்யும் மல்டிப்ளை வகை லேயரில் போடுங்கள்.

‘டமால்’, ‘சரேல்’ போன்ற ஓசைகளை எழுத்துருவில் அடிக்காமல் கையால் எழுதுங்கள். ஆனால் தனி லேயரில் எழுதுங்கள், வேறு மொழிக்குப் போகும்போது உதவும். தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று நாள் பிடித்தால் கவலைப்பட வேண்டாம்.

திரையில அருமையா இருந்த பக்கம் பிரஸ்ல இருந்து வந்தப்ப கோடெல்லாம் மங்கி, ஓரத்துல சிவப்பும் நீலமுமா நிழலடிக்குது. மிஷின் கோளாறுங்களா, எங்க கோளாறுங்களா?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பெரும்பாலும் கோப்பின் கோளாறு. திரைக்கான ஆர்.ஜி.பி. வண்ணமுறையில் வரைந்த கறுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு சி.எம்.ஒய்.கே.க்கு மாற்றினால், அது நான்கு மையும் கலந்த கறுப்பாக மாறுகிறது. போட்டோஷாப்பின் வழக்கமான அமெரிக்க அமைப்பில் அது சயான் 75, மஜெந்தா 68, மஞ்சள் 67, கறுப்பு 90. கூட்டினால் 300 விழுக்காடு மை. தாள் நான்கு தகடுகளுக்கும் தனித்தனியாக மை வாங்கும்போது 0.1 மி.மீ. நகர்ந்தாலும் உங்கள் 0.2 மி.மீ. கோட்டில் பாதி அகலத்துக்கு வேறு நிறம் வெளியே எட்டிப்பார்க்கும். அதோடு ஆஃப்செட்டில் வண்ணப் படம் புள்ளிகளாக உடைந்துதான் அச்சாகும். கறுப்பு 90 என்றால் கோட்டின் விளிம்பே புள்ளிகளாகிவிடும். மங்கலுக்குக் காரணம் அதுதான்.

தீர்வு, கோட்டை வண்ணத்தோடு ஒட்டாமல் வைப்பது. கோட்டை மட்டும் 600 அல்லது 1200 டி.பி.ஐ. 1 பிட் டிஃப் கோப்பாகவும், கோடில்லாத வண்ணத்தை 300 டி.பி.ஐ. சி.எம்.ஒய்.கே. டிஃப் கோப்பாகவும் தனித்தனியே எடுங்கள். பக்கம் கோக்கும் மென்பொருளான இன்டிசைன் அல்லது ஸ்கிரைபஸில் வண்ணத்தை அடியிலும் கோட்டை மேலேயும் அதே இடத்தில் வைத்து, கோட்டுக்கு 100 விழுக்காடு கறுப்பு மட்டும் கொடுத்து, அடியிலுள்ள வண்ணத்தின் மேலேயே அச்சாகும்படி, அதாவது ஓவர்பிரிண்ட் ஆகும்படி அமையுங்கள். ஓவர்பிரிண்ட் இல்லாவிட்டால் கோட்டின் அடியில் வண்ணம் வெட்டப்பட்டு, தாள் நகரும்போது இந்த முறை வெள்ளைக் கீற்று தெரியும். வசனமும் அப்படியே, கறுப்பு மை மட்டும்.

அகலமான கறுப்புப் பரப்புக்கு, உதாரணமாக இரவு வானத்துக்கு, 100 கறுப்பு மட்டும் போட்டால் சாம்பல் அடித்ததுபோல இருக்கும். அங்கே கூடவே சயான் 40 சேருங்கள். மொத்த மை, ஆர்ட் பேப்பரில் 300, நாளிதழ் வகைத் தாளில் 240 தாண்டாமல் பாருங்கள். தாண்டினால் மை உலராமல் அடுத்த தாளில் ஒட்டும். மை தாளில் கொஞ்சம் பரவும் என்பதால் இரவுக் காட்சிகள் திரையில் தெரிவதைவிட இருண்டுதான் அச்சாகும். நடுத்தர நிறங்களை முன்கூட்டியே வெளிறச் செய்துவிடுங்கள். கோப்பை ஜே.பெக். ஆக அனுப்புவதை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் கோட்டைச் சுற்றித் தூசி படியும்.

அச்சகத்தார் சரியாகப் பொருத்தவில்லை என்றால் அந்த அச்சுத் தாளின் ஒரு புறம் முழுவதும் நிழல் ஒரே திசையில் விழும். அதைக் காட்டிக் கேட்கலாம். முழுப் பிரதிகளும் ஓடுவதற்கு முன் ஒரு தாளை வாங்கிப் பார்ப்பது உங்கள் உரிமை.

வசனம் டைப் பண்ணினா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமா போயிருது. அச்சகத்துக்காரங்க பாமினியில அடிச்சுக் குடுங்கன்னு சொல்றாங்க.
– வாசகர், ஈரோடு

தமிழ் யுனிகோடில் ‘கொ’ என்பது க என்ற எழுத்தும் ஒரு குறியுமாகத்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைப்பது மென்பொருளின் வேலை. அந்த வேலை தெரியாத மென்பொருளில்தான் சிதறுகிறது. எந்த மென்பொருளானாலும் ‘கொக்கு, கௌதாரி, கூழ், ஸ்ரீ’ என்று அடித்துப் பாருங்கள். நான்கும் ஒழுங்காக வந்தால் நம்பலாம். இங்க்ஸ்கேப் இதைச் சரியாகச் செய்யும், இலவசமும்கூட. ஸ்கிரைபஸில் 1.5 வரிசைப் பதிப்புகள் செய்யும். இன்டிசைனில் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய போட்டோஷாப் பதிப்புகளில் எழுத்து விருப்பங்களுக்குள் போய்த் தெற்காசிய மொழி வசதியை இயக்க வேண்டும்.

பாமினி பழைய குறியாக்கம். அதில் அடித்தது வேறு எழுத்துருவில் திறந்தால் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும், தேட முடியாது, நாளைக்கு மின்னூலாக்கவும் முடியாது. அச்சகத்தோடு வாதாட வேண்டியதில்லை. யுனிகோடில் அடித்து, எழுத்தைக் கோட்டுருவமாக (எழுத்தாக இல்லாமல் வரைந்த உருவமாக) மாற்றி, பி.டி.எஃப். ஆகக் கொடுங்கள். அவர்கள் கணினியில் எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அச்சு ஒன்றுதான். மாற்றுவதற்கு முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாக வையுங்கள். கோட்டுருவமான பிறகு ஒற்றுப்பிழையைத் திருத்த முடியாது.

எழுத்துருவுக்குக் காவிவனர், பலூ தம்பி, மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, விற்பனைக்கான புத்தகத்திலும் பயன்படுத்தலாம். 17 × 24 செ.மீ. புத்தகத்துக்கு 9 புள்ளிக்குக் கீழே போகாதீர்கள். ண, ஞ, ழ ஆகியவற்றின் சுழி மை அடைத்துக்கொள்ளும். வரி இடைவெளியைத் தாராளமாக வையுங்கள், இல்லாவிட்டால் மேல் வரி ‘கூ’வின் வாலும் கீழ் வரி ‘கீ’யின் கொக்கியும் முட்டிக்கொள்ளும்.

எங்க ஊருக் கதையை வரையோணும். பழைய காலத்துத் தோட்டம், மாடு, கிணறு எல்லாம் தப்பில்லாம வரையறது எப்படிங்க?
– வாசகி, காங்கேயம்

நல்ல ஊரிலிருந்துதான் கேட்கிறீர்கள். காங்கேயம் மாட்டையே எடுத்துக்கொள்வோம். கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாத வாக்கில் சாம்பல் நிறத்துக்கு மாறும். பசு வெள்ளை அல்லது வெளிர்சாம்பல். காளைக்குத் தலை, திமில், முன்கால், பின்கால் பக்கம் கறுத்திருக்கும். காயடித்த எருதுக்கு அந்தக் கறுப்பு வெளிறிவிடும். ஏரில் பூட்டிய மாட்டைக் கறுத்த திமிலோடு வரைந்தால் தெரிந்தவர் கண்ணுக்கு உடனே உறுத்தும். வெள்ளைப் பசுவோடு செவலைக் கன்று நிற்கும் கட்டம், வண்ணக்காரருக்குக் கதையே சும்மா கொடுக்கும் விருந்து.

எருது பூட்டி நீர் இறைக்கும் கமலைக் கிணற்றை வரைபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு, எருதுகளை மேட்டில் ஏறி இழுக்க வைப்பது. கிணற்றோரம் மேடாகவும் அப்பால் சரிவாகவும் இருக்கும். எருதுகள் சரிவில் இறங்கும்போதுதான் நீர் மேலே வரும். தங்கள் எடையையும் சேர்த்து இழுப்பதற்காக அந்த ஏற்பாடு. திரும்பி வரும்போது பின்னோக்கி நடந்து மேடேறும். பனைமரத்தைக் கதையின் பருவத்துக்கு ஏற்ப, மேய்ச்சல் காட்டைச் சுற்றிலும் கிளுவைச் செடி வேலியோடு, தோட்டத்துச் சாளையை (குடிலை) மாடு கட்டும் கட்டுத்தரையோடு சேர்த்து வரையுங்கள்.

இணையப் படத்தை அப்படியே மேலே வைத்து வரையாதீர்கள். அது பிறர் உரிமை, அதோடு ஒளி ஒரு பக்கமும் உங்கள் கதையின் ஒளி வேறு பக்கமும் இருக்கும். ஒரே கட்டுத்தரையைக் காலை 7 மணி, நடுப்பகல், மாலை 5 மணி என மூன்று வேளையிலும், தரையளவிலிருந்தும் திண்ணை உயரத்திலிருந்தும் நீங்களே படமெடுங்கள். பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்தி எடுத்தால் அளவு பிசகாது.

டோன் புள்ளி போட்ட பக்கத்தைச் சின்னதாக்கினா கட்டம் கட்டமா அலையடிக்குது. ஏனுங்க?
– வாசகர், பொள்ளாச்சி

டோன் என்பது சாம்பல் நிழலைக் காட்ட நிரப்பும் கறுப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளின் இடைவெளியும் பிக்சல்களின் இடைவெளியும் ஒன்றோடொன்று பொருந்தாததால் வரும் அலை அது. அச்சுக்கு டோனை 600 டி.பி.ஐ.யில், 100 விழுக்காடு அளவிலேயே எடுங்கள். சுருக்கவோ பெருக்கவோ கூடாது. இணையத்துக்கு டோன் லேயரைச் சாதாரணச் சாம்பலாக மாற்றிவிட்டுச் சுருக்குங்கள். ஒரு டோன் மேல் இன்னொரு டோன் போட்டாலும் இதே அலை வரும்.

பக்கத்துக்கு எவ்வளவு கேக்கறது? கேட்டாப் போயிருவாங்களோன்னு பயமா இருக்குதுங்க.
– வாசகர், கரூர்

சந்தையில் யார் எவ்வளவு வாங்குகிறார் என்பதிலிருந்து தொடங்காமல் உங்கள் கணக்கிலிருந்து தொடங்குங்கள். உதாரணமாக, மாதச் செலவு 30,000 ரூபாய். கணினியும் டேப்லெட்டும் சேர்ந்து 1,08,000 ரூபாய், மூன்று ஆண்டில் மாற்ற வேண்டும் என்றால் மாதம் 3,000. ஆக 33,000. மாதத்தில் 22 வேலை நாள், பக்கத்துக்கு இரண்டு நாள் என்றால் 11 பக்கம். ஆனால் திருத்தம், வேலை தேடல், கடிதப் போக்குவரத்து எல்லாம் போக 8 பக்கம்தான் கைக்கு வரும். 33,000ஐ 8ஆல் வகுத்தால் 4,125 ரூபாய். இதற்குக் கீழே வாங்கினால் கையைக் கடிக்கும். அவர்களிடம் அவ்வளவு இல்லையென்றால் வேலையைக் குறையுங்கள்: வண்ணம் வேண்டாம், கறுப்பு வெள்ளை போதும், அல்லது பக்கத்துக்கு நான்கு கட்டம் மட்டும்.

மாதிரிக் கட்டத்தில் இரண்டு திருத்தம் இலவசம், மை போட்ட பிறகு கேட்டால் தனிக் கட்டணம் என்று முதல் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். முன்பணம் வாங்காமல் மை போட வேண்டாம்.

பதிப்பகத்தார் ஒரு தாள்ல கையெழுத்துக் கேக்கறாங்க. எதைப் பாத்துப் போடறது?
– வாசகர், நாமக்கல்

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை எழுத்து மூலமாகத்தான் மாற்றித்தர முடியும். எத்தனை ஆண்டு என்று தாளில் இல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று இல்லாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும். வேறுவிதமாக எழுதாதவரை, வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். மாதச் சம்பளத்தில் வரைந்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது முதல் உரிமை முதலாளிக்கு. காசு கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கும் அந்த ஆபத்து உண்டு. எனவே ‘பதிப்புரிமை ஓவியருக்கே, தமிழ் அச்சுப் பதிப்பு உரிமை மட்டும் இத்தனை ஆண்டுக்கு’ என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். திரைப்படம், பிற மொழி, பொம்மை, பனியன் எல்லாம் ஒரே வரியில் அடங்கியிருந்தால் ஒவ்வொன்றையும் பிரித்து விலை கேளுங்கள். உங்கள் பெயர் போடும் உரிமை உரிமை மாற்றத்துக்குப் பிறகும் உங்களுடையதுதான். பெரிய தொகையானால் வழக்கறிஞரிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள்.

நாங்க நாலு பேர் சேந்து சொந்தமா ஒரு புத்தகம் போடலாம்னு இருக்கோம். எத்தனை பக்கம் வைக்கறது?
– வாசகி, கோவை

நடுவில் கம்பி அடித்த புத்தகமானால் 4இன் மடங்காக இருந்தே ஆக வேண்டும். 16இன் மடங்கானால் தாள் வீணாகாது. 32 உள்பக்கம், தனி அட்டை என்று தொடங்குங்கள். கறுப்பு வெள்ளைக்கு 80 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) மேப்லித்தோ தாள், அட்டைக்கு 250 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு போதும். ஜூலை வாக்கில் கொடிசியா வளாகத்தில் கோவைப் புத்தகத் திருவிழா, ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா. அந்த இரண்டுக்கும் கையில் பிரதி இருக்க வேண்டுமானால் ஏப்ரலிலேயே மை வேலை முடிந்திருக்க வேண்டும். மே மாதம் வண்ணத்துக்கும் பிழைதிருத்தத்துக்கும், ஜூன் அச்சகத்துக்கும். கோடை மின்வெட்டில் கணினி அணைந்து பாதிப் பக்கம் போகாதிருக்க, யு.பி.எஸ். ஒன்றையும் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை தானாகச் சேமிக்கும் அமைப்பையும் இப்போதே பாருங்கள். முடிந்த பக்கங்களின் பிரதி ஒன்று நான்கு பேரில் இன்னொருவர் வீட்டில் இருக்கட்டும்.